நெருப்பின்றியும் புகையும்!

பாடசாலைக் கலைவிழா நெருங்கிவிட்டால் வீட்டின் ஒரு மூலையிற் கடுதாசிக் கிரீடமும், மறு மூலையிற் பொன்வர்ணம் பூசிய அட்டைக் கவசமும் குவிந்துவிடுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வீட்டுச் சிறுவன் ஒருவனுக்குச் சூரபன்மன் வேடம் வாய்த்தது. சூரன் தோன்றும்போது அவன் தோள்களிலிருந்து புகை சுருண்டு வரவேண்டும் என்பது நாடகத்தைப் பழக்கியவர்களின் ஆசை. ஒத்திகையன்று சிரட்டையில் தணலிட்டு, சாம்பிராணி தூவி, கம்பியாற் பிணைத்து அவன் முதுகிற் கட்டினார்கள். புகை என்னவோ அற்புதமாகத்தான் வந்தது. ஆனால், இரண்டாங் காட்சி முடிவதற்குள் ஒரு பொறி தெறித்து நைலோன் மேலாடையில் விழுந்தது. ஈரச் சாக்கினால் அணைத்தோம். அந்தத் தழும்பு அவன் தோளில் இன்றும் உண்டு.

பருத்தித் துணி எரிந்து கருகும். நைலோனோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வேட உடைகளுக்கு நாம் விரும்பி வாங்கும் பளபளப்பான துணிகள் பெரும்பாலும் இந்த இனத்தவையே. தென்னிலங்கைத் தொவில் ஆட்டங்களிற் குங்கிலியப் பொடியைப் பந்தத்தில் எறிந்து தீச்சுவாலை எழுப்புவதைப் பலரும் கண்டிருப்பர். அது வழிவழியாகப் பழகிய கைகளின் வித்தை. பாடசாலைப் பிள்ளையின் முதுகிற் கட்டத்தக்கதன்று.

அப்படியாயின் வேறு வழி என்ன? உறைந்த கரியமில வாயுவாகிய ‘உலர்பனி’யைச் சிலர் சொல்வர். அதன் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 78 பாகை. தோலிற் பட்டாற் புண்ணாகும், இறுக மூடிய போத்தலில் இட்டால் வெடிக்கும். கிளிசரினைச் சூடாக்கிப் புகைவிடும் மின்சிகரெட் உறுப்புகளை உடையினுள் ஒளித்து வைப்போரும் உளர். அளவுமீறிச் சூடேறினால் அதிலிருந்து நச்சு ஆவிகள் பிறக்கும். இரண்டையும் பிள்ளைகளுக்கு நாம் விலக்கிவிடுகிறோம்.

எஞ்சுவது தண்ணீர். மேசைமேல் வைக்கும் சிறிய ஈரப்பதமூட்டிகளுள் ஒரு வட்டத் தகடு உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் அது செக்கனுக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேல் அதிர்கிறது. தகட்டின் நடுவிலே கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள்; அவற்றினூடாக நீர் சிதறி, புகைபோலத் தோன்றும் மூடுபனியாகிறது. சூடு இல்லை, பொறி இல்லை. ஐந்து வோல்ற்று மின்சாரம் போதும். கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் பவர் பாங்க் ஒன்றே இதனை இயக்கிவிடும்.

சிறிய மருந்துப் போத்தல் ஒன்றில் ஐம்பது மில்லிலீற்றர் நீர் நிரப்பி, ஈரப்பதமூட்டியிலுள்ள பஞ்சுத் திரியை அதனுள் நிறுத்தி, திரியின் நுனியிலே தகடு படியுமாறு பொருத்தவேண்டும். தகட்டின் பின்புறம் எப்போதும் நனைந்திருக்கவேண்டும். நீரின்றி இயக்கினாற் கெட்டுவிடும். போத்தலைத் தோட்கவசத்தின் உட்புறத்தில் நிமிர்த்திக் கட்டுக. பவர் பாங்க் அதனருகில் இருத்தலாகாது. நீர் படாதவாறு பொலித்தீனிற் சுற்றி இடுப்புப் பையில் வைக்கவும். மிகச் சிறிய மின்னோட்டத்தை உணராமற் சில பவர் பாங்குகள் தாமாகவே நின்றுவிடும். ஒத்திகையிலேயே அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது நன்று.

இந்தப் புகை மேலே எழாது. குளிர்ந்த மூடுபனி கீழ்நோக்கியே வழியும். ஆதலால் வாயிலைத் தோளின் உச்சியில் வைத்தால் மார்பின்மீது அருவிபோல இறங்கும். நீண்ட ஒடுங்கிய குழாயிற் செலுத்தினால் வழியிலேயே துளியாகி விடும். குழாய் குறுகியதாயும் அகன்றதாயும் இருக்கட்டும். பின்னாலிருந்து ஒளி விழுந்து, திரை கருமையாக இருந்தாற் புகை தெளிவாகத் தெரியும். மேடைக் காற்றாடியை நிறுத்தாவிட்டால் எல்லாம் வீண்! பெரிய மண்டபத்திற் பின்வரிசைக்காரருக்கு இது தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

நீரைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையினின்று ஊறுவது. அந்தச் சுண்ணாம்பு நுண்துளைகளை அடைத்துவிடும். எஞ்சியது வெண்தூளாகக் காற்றிற் பறக்கும். மருந்துக்கடையில் வடித்த நீரை வாங்கிக்கொள்ளுங்கள். பற்றரிக் கடைக்குப் போகவேண்டாம். அங்கே அமிலமும் விற்பார்கள், போத்தல் மாறிவிடக்கூடும். வாசனைத் தைலமோ, வர்ணமோ, கிருமிநாசினியோ ஒரு துளியும் சேர்க்கலாகாது. தென்கொரியாவில் ஈரப்பதமூட்டி நீரிற் கலப்பதற்கென்றே 1994 முதற் கிருமிநாசினிகள் விற்கப்பட்டன. அவை நுண்துளிகளோடு நுரையீரலுட் புகுந்து பலரைக் கொன்றன என்பது 2011 இலேதான் வெளிப்பட்டது. மாண்டோரிற் சின்னஞ்சிறு குழந்தைகளும் இருந்தனர். வெறும் தண்ணீர் என்று நாம் விட்டுவிடும் பொருள் மூச்சினுட் செல்கிறது என்பதை மறக்கலாகாது. முகமூடியினுள்ளே இக்கருவியை வைக்கவேண்டாம். தொய்வு உள்ள பிள்ளைக்கு இந்த வேடமே வேண்டாம்.

மறுவருடம் அதே சிறுவன் மீண்டும் சூரனானான். முன்வரிசையிலிருந்த பாட்டியார் ஒருவர், “பிள்ளை பற்றி எரியுது!” என்று எழுந்தேவிட்டார். எரியவில்லை, ஆனால், அட்டைக் கவசம் நனைந்து ஊறி, மூன்றாங் காட்சியிற் சூரனின் தோள் தொங்கிவிட்டது. வார்னிஷ் பூச நாம் மறந்திருந்தோம். நாடகம் முடிந்ததும் போத்தலைக் கவிழ்த்து, திரியை வெயிலில் உலர்த்தி வைத்தோம். தேங்கிய நீரிற் கிருமி வளரும். அடுத்த முறைக்குப் புதிய நீர்தான்.