அம்மாயி வீட்டு ஆறு
பக்கத்து ஊர்ப் பயணம் – 14

வாழப்பாடியிலிருந்து பேருந்து பேளூர் சாலையில் திரும்பியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். ஐப்பசி மழை விட்ட மறுநாள். உள்ளே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேர்.

சுற்றுலா என்றதும் ஊட்டியா, மைசூரா என்றுதான் கேட்டார்கள். “பேளூருக்கா சார்? அங்க எங்க அம்மாயி வீடுதான இருக்கு” என்று ஒருத்திக்கு முகமே விழுந்துவிட்டது. அம்மாயி வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பேருந்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைக் காட்டத்தான் கிளம்பினேன்.

பேளூரில் தான்தோன்றீஸ்வரர் கோயில் வசிஷ்ட நதிக் கரையிலேயே இருக்கிறது. வசிஷ்டர் வேள்வி செய்ததால் வேள்வியூர், அதுவே பேளூர் ஆயிற்று என்பது ஊர் வழக்கு. பிள்ளைகள் கோயிலில் அதிக நேரம் நிற்கவில்லை. அவர்களை இழுத்தது பாக்குத் தோப்பு.

ஒரு வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாக்குக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பெரிய அண்டாவில் உரித்த பாக்கு வெந்துகொண்டிருந்தது. துவர்ப்பு வாசனை தெரு முழுக்க. “தொடாதீங்க சாமி, கறை போகாது” என்றார் ஒரு பாட்டி, கறுத்த விரல்களைக் காட்டி. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் முன்னே வந்தான். அவன் அப்பா பாக்கு மரம் ஏறுபவர். ஒரு மரத்தில் குலை வெட்டியதும் கீழே இறங்காமல், மரத்தை வளைத்து ஆட்டி அடுத்த மரத்துக்குத் தாவுவதைக் கைகளை வீசிச் சொன்னான். நான் ஓரமாக நின்று கேட்டேன். அந்த அரைமணி நேரம் அவன்தான் ஆசிரியர்.

பிறகு, அதே ஆறு வரும் வழியில் புழுதிக்குட்டை. அருநூற்றுமலை, கல்வராயன் மலைச் சரிவுகளின் மழையை ஏந்தி நிற்கும் ஆனைமடுவு அணை. உயரம் 67.25 அடி, கொள்ளளவு 267 மில்லியன் கன அடி. பாடப்புத்தகத்து அணைகளுக்கு முன் சிறியதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் பலரின் சோறு இந்தத் தண்ணீரில் விளைந்தது. “இது கடலுக்குப் போகுமா சார்?” போகும். வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலைத் தொடும். அம்மாயி வீட்டுப் பெண் ஒரு பாட்டிலில் அணைத் தண்ணீரை மொண்டுகொண்டாள்.

மாலையில் ஏத்தாப்பூர். வழியெல்லாம் குச்சிக்கிழங்குக் காடு, சேகோ ஆலைகள், வெள்ளைவெளேரென்று ஜவ்வரிசி காயும் களங்கள். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றபோது சேலத்தில் பிறந்த தொழில் இது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் கிழங்கு எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியிருக்கிறது. ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் அதே ஆற்றில் இறங்குவதையும் பிள்ளைகளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பாலத்தருகே இறங்கச் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பெண் இன்னொரு பாட்டிலை எடுத்துக்கொண்டு தனியாகக் கரையிறங்கினாள். வகுப்பறை ஜன்னலில் இப்போது இரண்டு பாட்டில்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே பெயரை எழுதி ஒட்டியிருக்கிறாள்: வசிஷ்ட நதி.

(தொடரும்)