உப்புக்காற்றும் பழுதுபார்க்கும் கைகளும்

கல்லடிப் பாலத்தை அறியாத கிழக்கிலங்கையர் இலர். தேசாதிபதி மானிங்கின் துணைவியார் பெயரால் எழுந்த அவ்விரும்புப் பாலம், 2013ஆம் ஆண்டு யப்பானிய உதவியுடன் அதனருகே புதிய பாலம் திறக்கப்படும் வரை வாகனங்களைச் சுமந்தது. உப்புக்காற்றின் நடுவே இரும்பு இத்தனை காலம் நின்றது தானாக அன்று. துருவைச் சுரண்டி வண்ணம் பூசிய கைகள் பல. பாலத்தைக் கட்டியவரை நாம் போற்றுகின்றோம். காத்தவரை எவரும் கேட்பதில்லை.

வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் இத்தொழிலுக்கு ஓய்வே இல்லை. எழுவான்கரையில் மீன்பிடியும் நகரமும். படுவான்கரையில் நெல்வயலும் மாடும். அங்கே உழவு இயந்திரம் சேற்றில் தேய்கின்றது. இங்கே படகும் மோட்டார் சைக்கிளும் உப்பில் அரிக்கின்றன.

முன்னாளில் பழுதுபார்ப்போன் என்றால் ஓடாவியே நினைவுக்கு வருவான். மரத்தோணியின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்று அடிப்பது அவன் கலை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி வந்து கரையோரத்தை அழித்தபின், உதவி நிறுவனங்கள் கண்ணாடியிழைப் படகுகளைப் பெருவாரியாக வழங்கின. உளியும் கொட்டாப்புளியும் இப்படகுக்கு உதவா. உடைந்த இடத்தைத் தேய்த்து, இழைப்பாயை விரித்து, பிசினுடன் உறைபொருளை அளவாகக் கலந்து பூசவேண்டும். அளவு மிகின் வேலை முடியுமுன் பிசின் இறுகிவிடும். குறையின் இறுகவே இறுகாது. தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குத் தீது. மூக்கை மறைக்காது இவ்வேலையைச் செய்யும் இளைஞரின் தாய்மார் இதனைக் கவனிப்பார்களாக!

படகின் பின்புறத்தே பூட்டும் இயந்திரத்தின் சங்கதி வேறு. தன்னைக் குளிர்விக்க அது கடல்நீரையே உறிஞ்சுகின்றது. உள்ளே சுழலும் சிறு றப்பர்ச் சக்கரம் மணலால் தேய்ந்தாலும், நீரோடும் வழியில் உப்புப் படிந்தாலும், இயந்திரம் கொதித்து நின்றுவிடும். நாள்தோறும் நன்னீரில் சிறிது நேரம் ஓடவிட்டால் இந்நோயில் பாதி வாராது. ஆயின் அயர்ந்து கரைசேரும் மீனவனுக்கு அந்த அரை நாழிகையும் பாரமாயிருக்கின்றது; மெக்கானிக்கின் வருவாயில் ஒரு பங்கு அந்த அயர்விலிருந்தே பிறக்கின்றது.

அண்மைக்கால நெருக்கடி இத்தொழிலின் மதிப்பை வீடுதோறும் உணர்த்தியது. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி தடைப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025இலே தான். அதற்கிடையில் பழைய வண்டிக்கே மீண்டும் மீண்டும் உயிர்கொடுக்க வேண்டியதாயிற்று. 2022இல் ரூபாயின் மதிப்பு வீழ, உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவோனைவிட, பழையதையே கடைந்தும் ஒட்டியும் சீராக்குவோனுக்கு மவுசு வந்தது. ஆயினும் எல்லாப் பட்டறைகளுக்கும் அது நற்காலம் அன்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் படகு கரையில் கிடந்தால், அதன் இயந்திரத்தைப் பார்ப்பவன் வீட்டு உலையும் அணையும் அன்றோ?

மாணவர்க்கு ஒரு வார்த்தை. “கராஜில் வேலை” என்றால் முகம் சுளிப்போர் நம்மிடையே இன்னும் உளர். பெண்கொடுக்கத் தயங்குவோரும் உளர். அவர்களே தம் வண்டி நடுவழியில் நின்றால் “தம்பி, தம்பி” என்று கெஞ்சுவர்! பட்டறையில் பல்லாண்டு பழகிய கைக்கு இல்லாதது திறமையன்று, சான்றிதழே. அஃதின்றி வளைகுடா நாடுகளுக்குச் செல்வோன் தேர்ந்த தொழிலாளியின் ஊதியத்தைக் கேட்டுப் பெறுவது அரிது. தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், அடுத்த இரண்டும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகர். பயிற்சி நிலையத்தில் கற்றோர் மட்டுமன்றி, வேலை செய்தே கற்றோரும் முன் கற்றலை மதிப்பிடும் முறையால் இதனைப் பெறலாம். மதிப்பீட்டின்போது செய்த வேலைக்குச் சான்று கேட்கப்படும். ஆதலால் இன்று பட்டறை வாயிலில் கால்வைக்கும் இளைஞன், எந்த இயந்திரத்தை எந்நாளில் பிரித்தான், என்ன பழுது கண்டான், எவ்வாறு தீர்த்தான் என்பவற்றை ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதிவரட்டும். எண்ணெய்க் கறை படிந்தாலும் குற்றமில்லை.