குளிகைப் பெட்டிக்கு உயிரூட்டும் மின்சாரம்

கடல் கடந்து வாழும் பிள்ளைகள் பெற்றாருக்கு அனுப்பும் பொருள்களுள் இந்நாளில் இலத்திரனியற் குளிகைப் பெட்டியும் ஒன்றாகிவிட்டது. உணவுத் தட்டுப் போன்று வட்டமான இப்பெட்டியிற் பெரும்பாலும் 28 அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேளைக்குரிய குளிகைகளை இட்டுப் பூட்டிவிட்டால், குறித்த நேரத்தில் மணி ஒலிக்கும். அவ்வேளைக்குரிய அறை மட்டும் வாயிலுக்கு வந்து நிற்கும். காலைக் குளிகையை உண்டோமா, இல்லையா என்று தடுமாறும் முதியோருக்கு நல்ல துணைதான். ஆனால், மின்சாரம் அற்றுப்போனால் இத்துணை வாய் திறவாது.

கனடாவிலிருந்து வரும் பெட்டியாயின் முதலில் அதன் அடப்டரைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அந்நாட்டு வீடுகளில் 120 வோல்ற்று, இங்கோ 230. அடப்டரில் ‘100–240’ என்று பொறித்திருப்பின் அச்சமில்லை. 120 மட்டுமே காணப்படின் அதனை இங்குள்ள மின்சாரத்திற் செருகலாகாது. கடையில் வாங்கும் மாற்றுப் பிளக்கு கால்களின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ற்றை மாற்றாது.

இனி, பெட்டியினுள்ளே இருக்கும் பற்றரி. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9இல் நாடெங்கும் இருள் சூழ்ந்தது. பாணந்துறை உபமின் நிலையத்திற் புகுந்த குரங்கே காரணம் என்றார் அமைச்சர். குரங்கையும் கணக்கில் எடுக்க வேண்டிய நாட்டில் பற்றரியை நம்பாமல் வேறு வழியில்லை.

ஆயினும், பெருமின்வெட்டினும் கொடியது நம் வீட்டு வழக்கமொன்று. இடி முழங்கினால் பிளக்குகளைக் கழற்றுகின்றோம், அது நன்றே. மழை விட்டதும் வானொலியையும் தொலைக்காட்சியையும் மீளச் செருகுவோர், மூலையிலுள்ள குளிகைப் பெட்டியை மறந்துவிடுகின்றனர். அதுவும் பற்றரியின் வலுவிற் சில நாள் ஓசையின்றி இயங்கும்; பின்னர் ஒருநாள் மணி ஒலிக்காது. இரத்த அழுத்தக் குளிகையோ, வலிப்புக் குளிகையோ தவறிய பின்னரே வீட்டார் அறிவர். ஆகவே, பெட்டிக்கென ஒரு தனி ஆளியை ஒதுக்கி, அதன்மேல் ‘அணைக்கற்க’ என ஒட்டிவிடுதல் நலம்.

சாதாரண பற்றரிகள் பொருத்தும் பெட்டியாயின், பொருத்திய திகதியை அடியில் எழுதிவைக்க. பழையதும் புதியதும் கலத்தல் கூடாது. ஆண்டுக்கணக்கில் விட்டால் அவை கசிந்து உட்கம்பிகளை அரித்துவிடும். அவற்றை மின்னேற்ற முயல்வது ஆபத்து. மின்னேற்றத்தக்க நிக்கல் வகை 1.5 வோல்ற்றுக்குப் பதிலாக 1.2 மட்டுமே தருவதாற் சில பெட்டிகள் ‘வலு குறைந்தது’ என வேளைக்கு முன்னரே முறையிடும். லிதியப் பற்றரிக்கு வெப்பமே பகை. வெயில் விழும் யன்னலோரம் அதற்கு இடமன்று.

மாதம் ஒருமுறை, வீட்டில் ஆள் இருக்கும் ஒரு பகற்பொழுதில், பிளக்கைக் கழற்றி மணி ஒலிக்கின்றதா என்று பாருங்கள். முற்றாக மின்வலு இழந்த பெட்டி மீண்டும் விழிக்கும்போது அதன் கடிகாரம் பிழைத்திருத்தல் கூடும். முதலில் நேரத்தைச் சரிபார்த்து, அடுத்து எந்த அறை வாயிலில் நிற்கின்றது என்று நோக்குக. ஒரு வேளை தவறியிருப்பின் இரு வேளைக் குளிகைகளைச் சேர்த்து விழுங்காது, வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்டறிக. குளிகைகளின் பெயரும் நேரமும் எழுதிய தாளொன்றையும், பெட்டியின் மறுதிறப்பையும் அயல்வீட்டார் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.