கைக்கு எட்டாத கட்டுரைகள்

சட்டத்தைத் தேடி – 14

சென்ற வாரம் தீர்ப்புகளைக் காசு கொடுக்காமல் படிப்பது பற்றிப் பார்த்தோம். இந்தியன் கானூன் இணையதளம் 2008-ல் வந்தது. உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரியில் இ-எஸ்.சி.ஆர். தளத்தைத் தொடங்கியது. இன்று தீர்ப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு தீர்ப்பு எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே இடறுகிறது, அடுத்த வழக்கில் என்ன வாதத்தை வைக்கலாம் என்று யோசித்து எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகள் அப்படிக் கிடைப்பதில்லை.

ஒரு கட்டுரையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு டீட்ரிச் கான்ராட்டின் கதையைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், 1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எழுதப்படாத எல்லைகள் உண்டா என்பதுதான் பொருள். அவர் எழுப்பிய கேள்விகள் சுருக்கென்று தைப்பவை. முதல் பிரிவைத் திருத்தி இந்தியாவைத் தமிழ்நாடு, இந்துஸ்தான் என இரண்டாகப் பிரித்துவிட முடியுமா? திருத்தும் அதிகாரத்தைக் கொண்டே அரசமைப்பை ஒழித்து, முகலாய மன்னராட்சியைக் கொண்டுவர முடியுமா? ஏ.கே. கோபாலன் வழக்கில் வாதாடிய எம்.கே. நம்பியாரின் கைக்கு இந்த உரை கிடைத்தது. 1967-ல் கோலக்நாத் வழக்கில் அதை உச்ச நீதிமன்றத்தின் முன் எடுத்து வைத்தார். 1973 ஏப்ரல் 24 அன்று, கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்வு 7-க்கு 6 என்ற கணக்கில், அரசமைப்பின் அடிப்படைகளைத் திருத்தத்தால் அழிக்க முடியாது என்ற ‘அடிப்படைக் கட்டமைப்பு’ கோட்பாட்டை ஏற்றது.

அந்த உரை பனாரஸ் நூலக அலமாரியிலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரியான நேரத்தில் சரியான வழக்கறிஞரிடம் போய்ச் சேர்ந்ததால் பிழைத்தோம். எல்லாக் கட்டுரைகளுக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை.

கட்டுரைக்கும் அது தேவைப்படுபவருக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைக் குறைத்ததில் பெரிய பங்கு எஸ்.எஸ்.ஆர்.என். என்ற இணையக் களஞ்சியத்துக்கு உண்டு. மைக்கேல் ஜென்சன், வெய்ன் மார் என்ற இரு நிதியியல் ஆய்வாளர்கள் 1994-ல் அமெரிக்காவில் தொடங்கியது. ஒரு சட்டக் கட்டுரை எழுதி முடிந்து இதழில் அச்சாக ஓராண்டுகூட ஆகும். அதுவரை காத்திருக்காமல், எழுதியவரே முன்வரைவை இங்கே ஏற்றிவிடலாம். யாரும் இறக்கிப் படிக்கலாம்.

அங்கே ஒரு கட்டுரையின் பக்கத்தைத் திறந்தவுடன் பி.டி.எஃப். பொத்தானை அழுத்திவிடாதீர்கள். முதலில் சுருக்கத்தைப் படியுங்கள். அதன் அருகிலேயே இரண்டு தேதிகள் இருக்கும்: எப்போது ஏற்றப்பட்டது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது. இரண்டாவதுதான் முக்கியம். முன்வரைவில் இருந்த வாதத்தை அடுத்த வரைவில் ஆசிரியரே கைவிட்டிருக்கக்கூடும். பழைய பிரதியை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் எழுந்து நிற்பது ஆபத்து. பதிவிறக்க எண்ணிக்கையும் கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். பரபரப்பான தலைப்புக்கு ஆயிரக்கணக்கில் பதிவிறக்கம் சேரும். நிலச் சீர்திருத்தச் சட்டத்தைப் பற்றிய அருமையான கட்டுரைக்கு முப்பதுகூடச் சேராது.

கட்டணச் சுவர் குறுக்கே வந்தால் கூகுள் ஸ்காலரில் அதே தலைப்பைத் தேடுங்கள். முடிவின் கீழே, அந்தக் கட்டுரையின் மற்ற பிரதிகளைக் காட்டும் இணைப்பு ஒன்று சிறிய எழுத்தில் இருக்கும். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசப் பிரதி இருந்தால் பெரும்பாலும் அங்கே தட்டுப்பட்டுவிடும். பக்கத்திலேயே, அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலும் உண்டு. மறுத்து எழுதியவர் யார் என்று அதில் தேடிப் பார்ப்பது நல்ல வழக்கறிஞருக்கு அழகு.

பகிர்வதிலும் ஒரு முறை வேண்டும். நம் வாட்ஸ்அப் குழுக்களில் வெறும் பி.டி.எஃப். வந்து விழுகிறது. யார் எழுதியது, எந்த ஆண்டு, எத்தனையாவது வரைவு, ஒன்றும் தெரியாது. கட்டுரைப் பக்கத்தின் லிங்கை அனுப்புங்கள். கூடவே, இதை ஏன் படிக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரிக்காகத்தான் ஒரு ஜூனியர் அதைத் திறப்பார்.

லிங்க் செத்துப்போகும் என்பதும் உண்மைதான். ஹார்வர்டைச் சேர்ந்த சிட்ரெய்ன், ஆல்பர்ட், லெசிக் மூவரும் செய்த ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள இணைய இணைப்புகளில் ஏறத்தாழ பாதி, முதலில் சுட்டிய விஷயத்தை ஆய்வு நடந்தபோதே காட்டவில்லை என்று தெரிந்தது. ஹார்வர்ட் லா ரிவ்யூ போன்ற இதழ்களில் இது 70 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. பக்கத்தை அப்படியே படியெடுத்து நூலகங்களின் பொறுப்பில் காக்கும் பெர்மா.சிசி என்ற சேவை அதனால்தான் 2013-ல் பிறந்தது.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2016-ல் எஸ்.எஸ்.ஆர்.என்.-ஐ எல்செவியர் என்ற பதிப்பு நிறுவனம் வாங்கிவிட்டது. இலவசம் தொடர்கிறது. ஆனாலும் ஆயிரமாயிரம் பேராசிரியர்கள் நம்பி ஒப்படைத்த அறிவு ஒரு வணிக நிறுவனத்தின் சொத்தாக இருப்பது சரியான ஏற்பாடு அல்ல. நூலகர்கள் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். 2008 நவம்பரில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கூடிய சட்ட நூலக இயக்குநர்கள், சட்டப் பள்ளிகள் தங்கள் இதழ்களை எல்லோருக்கும் திறந்த, நிலைத்து நிற்கும் மின்வடிவில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். மறு ஆண்டு வெளிவந்த அந்த அறிக்கைக்கு டர்ஹாம் பிரகடனம் என்று பெயர். இந்தியாவில் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி, கொல்கத்தா என்.யு.ஜே.எஸ். ஆகியவற்றின் சட்ட இதழ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது.

தமிழகச் சட்டக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் எழுதும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதழ் அனுப்பும் உரிமை ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்திடும் முன் முழுவதும் படியுங்கள். ஏற்கப்பட்ட பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கும் உரிமையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கியபின் தள்ளிப்போடாமல் ஏற்றிவிடுங்கள். உசிலம்பட்டி முன்சீப் கோர்ட்டில் வாதாடும் வழக்கறிஞருக்கும் அது வேண்டியிருக்கிறது.

(தொடரும்)