ஆங்கில உரைநடையைப் பொருளுணர்ந்து படித்தல்: பல்பொருட் பயிற்சியின் இடம்

தமிழாராய்ச்சியிற் புகும் மாணவர் ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற நூல்கள் பலவற்றைப் பயின்றே ஆகவேண்டும். 1856-இல் வெளிவந்த கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணமும், பரோ, எமனோ ஆகிய இருவரும் தொகுத்து 1961-இல் முதற்பதிப்பாகவும் 1984-இல் இரண்டாம் பதிப்பாகவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும், வீரயுகப் பாடல் பற்றிக் கைலாசபதி 1968-இல் வெளியிட்ட நூலும் ஆங்கிலத்திலேயே எழுந்தன. இவைபோல்வனவற்றுட் சில தமிழில் பெயர்க்கப்பட்டுள்ளன. எனினும் மூலத்தையே நோக்கித் தெளியவேண்டிய இடங்கள் ஆய்வாளர்க்கு அடிக்கடி நேர்கின்றன. அவ்விடங்களில் நம் மாணவர் இடர்ப்படுதல் யாவரும் அறிந்ததே. அவ்விடர்ப்பாட்டின் இயல்பு யாது, அதனை நீக்கும் வழி யாது என்பதனை ஈண்டு ஆராயக் கருதுகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன்னர் ஆய்வு மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டின் ஓர் இயலை எம்மிடம் காட்டினார். மேலைநாட்டறிஞர் ஒருவர் பழந்தமிழ்ப் பாடல்களின் தொன்மையை மறுத்துள்ளார் எனக் கொண்டு, அவரை எதிர்த்துப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார். மூலத்தைப் புரட்டிப் பார்த்தோம். அப்பாடல்களின் தொன்மையை ஐயுறுதற்கு இடம் இல்லை என்னுமளவினது என்பதே அவ்வறிஞர் கூற்று. 'ஹார்ட்லி' என்னும் சொல்லை 'ஹார்ட்' என்பதன் வழிவந்ததாகக் கொண்டு, 'கடுமையாக ஐயுறத்தக்கது' என மாணவர் பொருள் செய்துவிட்டார். அம்மாணவர் இலக்கணம் அறியாதவர் அல்லர். அவ்வாக்கியத்தின் எழுவாய் பயனிலைகளைப் பிழையின்றிப் பிரித்துக் காட்டினார். சொற்கள் அனைத்திற்கும் அகராதி பார்த்துக் குறித்தும் வைத்திருந்தார். தம் பக்கம் நின்றாரைப் பகைவராக எண்ணி அவர் போரிட்டது எங்ஙனம் நேர்ந்தது?

சொற்பொருளும் தொடரமைதியும் தெரிந்த அளவில் பொருளுணர்வு தானே வந்துவிடும் என்பது நம் வகுப்பறைகளில் வேரூன்றிய எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதனைத் தமிழிலேயே காட்டலாம். 'கிரவன் நேற்று மாலை இரண்டு சொலுப்பிகளை நொவட்டினான்' என ஒரு பொய்த்தொடர் அமைப்போம். நொவட்டியவன் யார்? கிரவன். எத்தனை சொலுப்பி? இரண்டு. எப்பொழுது? நேற்று மாலை. வினாக்கள் மூன்றிற்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகின்றது. ஆனால் நடந்தது யாதென எவர்க்கும் தெரியாது. ஆங்கிலத் தேர்வுகளில் பத்தியொன்று தந்து அதன்கீழ் வினாக்கள் தொடுக்கும் முறையிற் பெரும்பகுதி இத்தகையதே. வினாவிலுள்ள சொல் பத்தியில் எங்குளது எனக் கண்டு, அவ்வரியைப் பெயர்த்தெழுதும் திறன் ஒன்றையே நம் மாணவர் பள்ளியில் வளர்த்துக்கொள்கின்றனர். ஆய்வுக்கு அத்திறன் பயன்படுவதில்லை.

இனி, சொற்கள் யாவும் தெரிந்தவழியும் பொருள் விளங்காமை உண்டு. 1972-இல் பிரான்ஸ்போர்டு, ஜான்சன் என்னும் உளநூலறிஞர் இருவர் மிக எளிய சொற்களால் ஆகிய பத்தி ஒன்றினைப் பலர்க்குக் கொடுத்துச் சோதித்தனர். பொருள்களை வகைவகையாகப் பிரித்துக் குவித்தல் பற்றியும், ஒரே நேரத்தில் மிகுதியாக மேற்கொள்ளலாகாமை பற்றியும் அப்பத்தி பேசிச்செல்லும். அது துணி வெளுத்தல் பற்றியது என முன்னரே கூறப்பெற்றவர் எளிதில் உணர்ந்தனர். உணர்ந்ததனை நினைவிலும் கொண்டனர். தலைப்புக் கூறப்பெறாதாரும், படித்து முடித்தபின் கூறப்பெற்றாரும் அங்ஙனம் உணரவில்லை. தமிழ் கற்றார்க்கு இஃது ஒன்றும் புதுமையன்று. சங்க அகப்பாட்டின்கீழ் 'தலைவி தோழிக்கு உரைத்தது' என்றாற்போலக் குறிக்கப்பெற்ற கூற்றும் துறையும் அகற்றப்படின், சொல் எல்லாம் தெரிந்திருந்தும் பாட்டு நிற்கும் இடம் நமக்குப் புலப்படுவதில்லை. முதல், கரு, உரி என்னும் மூன்றனையும் அறிந்தே பாட்டினுட் புகுதல் வேண்டும் என்னும் நம் மரபு, படிப்பவன் கொண்டுவரும் அறிவே பொருளுணர்விற்கு முதல் என்பதனை ஏற்றுக்கொண்ட மரபாகும். குறிஞ்சி நிலத்தின் இயல்பறியாதான் குறிஞ்சிப் பாட்டை எழுத்துக் கூட்டலாமேயன்றி நுகர்தல் அரிது. ஆங்கிலத்தைக் கற்பிக்கும்பொழுது மட்டும் இவ்வுண்மையை நாம் மறந்துவிடுகின்றோம்.

இக்கருத்தினை வலியுறுத்தும் ஆய்வு ஒன்று இந்தியரையும் உட்படுத்தியது. ஸ்டெஃபென்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் என்னும் மூவர் 1979-இல் வெளியிட்டது அது. இந்தியத் திருமணம் ஒன்றையும் அமெரிக்கத் திருமணம் ஒன்றையும் விரிக்கும் ஆங்கில மடல்கள் இரண்டினை இருநாட்டார்க்கும் கொடுத்தனர். தத்தம் நாட்டு மடலை ஒவ்வொருவரும் விரைந்து படித்தனர். மிகுதியாக நினைவு கூர்ந்தனர். பிறநாட்டு மடலைத் தம் வழக்கத்திற்கேற்பத் திரித்தும் கொண்டனர். மணமகள் தன் பாட்டியார் அணிந்த மணவாடையை அணிந்தமை அமெரிக்கர்க்குப் பெருமை. இந்தியருள் ஒருவரோ ஆடை பழையது, வழக்கொழிந்தது எனக் குறை கூறினார். மறுதலையாக, வரதட்சிணை பற்றிய செய்தியை இருவீட்டாரும் பரிசில் மாற்றிக்கொண்டதாக அமெரிக்கர் உணர்ந்த இடமும் உண்டு. ஈண்டுப் பிழைத்தது ஆங்கில அறிவன்று. 1988-இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் அமெரிக்கப் பள்ளிச் சிறாரிடையே நடத்திய சோதனையும் இதனையே காட்டிற்று. பேஸ்பால் ஆட்டம் பற்றிய பகுதியை, படிப்புத்திறன் குறைந்தும் ஆட்டத்தை நன்கறிந்த சிறுவர், படிப்பில் வல்லராயினும் ஆட்டம் அறியாதாரினும் மிகுதியாக விளங்கிக்கொண்டனர்.

ஆகவே, பொருளுணர்வு என்பது எல்லாப் பனுவலையும் ஒருங்கே திறக்கும் ஒற்றைத் திறவுகோல் அன்று. பொருள்தோறும் அது வேறுபடும். பல்வேறு பொருள்கள் பற்றிப் படித்தலே அதனை வளர்க்கும் என்பது இதனாற் பெறப்படும். எனினும் சொற்களின் தொகையையும் கருதல் வேண்டும்.

சொற்றொகை பற்றி முதன்முதல் ஆழ்ந்து எண்ணியவருள் மைக்கேல் வெஸ்ட் என்பார் குறிப்பிடத்தக்கவர். அவர் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியை நடத்தியவர். வங்காளத்து இருமொழிக் கல்வி பற்றி 1926-இல் நூல் வெளியிட்டவர். வங்காள மாணவர்க்கு ஆங்கிலம் பேசுதலினும் படித்தலே முதற்றேவை என்பதும், கல்வியை இடையில் நிறுத்துவார்க்கும் கற்ற அளவிற்குப் பயன் கிடைத்தல் வேண்டும் என்பதும் அவர்தம் கொள்கை. ஆயுட்காப்பீட்டை இடையில் விடுத்தார்க்கு ஒரு தொகை திரும்புதலை அவர் இதற்கு உவமை ஆக்கினார். இங்கிலாந்துச் சிறுவர்க்கென எழுந்த வாசகங்களில் அருஞ்சொற்கள் நெருங்கி வருவனவாகவும், வந்த சொல் மீண்டும் வாராததாகவும் இருத்தலைக் கண்டு, அருஞ்சொல்லுக்கு ஈடாகப் பெருவழக்குச் சொல்லை வைத்தும், புதுச்சொல்லைப் பன்முறை மீள வழங்கியும் தம் வாசகங்களை அமைத்தார். 1953-இல் அவர் வெளியிட்ட பட்டியல் ஏறத்தாழ 2000 சொற்களைக் கொண்டது. 2000-இல் காக்ஸ்ஹெட் அம்மையார் கல்விநூல்களிற் பயில்வனவாக 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். அத்தகைய நூல்களில் நூற்றுக்குப் பத்துச் சொல் இவற்றைச் சார்ந்தன. ஹூ, நேஷன் ஆகியோர் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பிறர் துணையின்றிப் பொருளுணர்தற்குப் பனுவலின் சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுத் தெரிந்திருத்தல் வேண்டும். அஃதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றே தெரியாமற் போகலாம். இதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் வரையிலான சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது நேஷன் 2006-இல் கண்ட முடிவு. பட்டியல்களை மனப்பாடம் செய்து இத்தொகையை எய்த முயல்வாரை யாம் கண்டதுண்டு, எய்தியவரைக் கண்டதில்லை.

எஞ்சிய சொற்கள் எங்கிருந்து வரும்? அன்றாட வாழ்வு பற்றிய எழுத்துகளிலிருந்தே வரும் என்பது எம் கருத்து. இட்டிலி செய்யும் முறையை ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கத்தை நம் மாணவர் கையிற் கொடுத்தால், ஊறவைத்தல், அரைத்தல், புளிக்கவைத்தல், ஆவியில் அவித்தல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் அகராதியின்றியே விளங்கிவிடும். செயலின் வரிசை அவர்க்குக் கருவிலேயே தெரியும். இங்ஙனம் பெற்ற சொற்கள் அடுக்களையோடு நில்லா என்பதே சிறப்பு. மாவு புளித்தலைக் குறிக்கும் 'ஃபெர்மென்ட்' ஒரு நாட்டின் அரசியற் கொந்தளிப்பையும் குறிக்கும். பருப்பை ஊறவைத்தலைக் குறிக்கும் 'ஸ்டீப்' மரபில் தோய்ந்த புலவரைச் சொல்லுமிடத்தும் வரும். செங்குத்தான மலையைச் சொல்லும் 'ஸ்டீப்' வேறு. மாவு சலித்தலைக் குறிக்கும் 'சிஃப்ட்' சான்றுகளை ஆய்ந்தெடுத்தலுக்கு ஆகின்றது. தூற்றுதலைக் குறிக்கும் 'வின்னோ' என்பதும் அவ்வாறே. அறுவடைக்குப்பின் வயலிற் கதிர் பொறுக்குதலைக் குறிக்கும் சொல், பழைய உரைகளிலிருந்து செய்தி திரட்டுதலுக்கு வழங்கும். (அச்சொல்லைத் தமிழெழுத்தில் 'கிளீன்' என எழுதினால் தூய்மை குறிக்கும் சொல்லோடு மயங்கும், அம்மயக்கத்தாலும் பிழைபட்டோர் உளர்.) கம்பளி இழைகளைச் சிக்கறுத்தலைக் குறிக்கும் 'டீஸ்', நுண்பொருளைப் பிரித்துக் காட்டலுக்கு ஆகும். பனுவலைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்' என்பதே நெய்தற் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. பஞ்சை நூற்றலோடு நூல் செய்தலை ஒப்பிடும் நன்னூற் பாயிரத்தைக் கற்றார்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? ஆங்கிலப் புலமை எழுத்தின் உருவகங்களிற் பல வயலிலும் அடுக்களையிலும் தறியிலும் பிறந்தவை. பிறந்த இடத்தில் அவற்றைக் காணாதவர், ஆய்வுநூலில் அவற்றைக் கண்டு திகைக்கின்றனர்.

பலபொருள் ஒருசொல்லும் இவ்வாறே தெளிவுறும். 'டிரா' என்னும் ஒரு சொல் கிணற்றில் நீர் முகத்தலையும், படம் வரைதலையும், வங்கியிற் பணம் எடுத்தலையும், ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிதலையும், சான்றுகளிலிருந்து முடிவு கொள்ளுதலையும் குறிக்கும். 1965-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தைப் புரட்டினால் இத்தகைய சொற்களுக்குப் பொருள்கள் நிரல்பட நிற்கும். அந்நிரலில் எதனைக் கொள்வது என்பதனை அகராதி சொல்லாது, பொருளறிவே சொல்லும்.

இங்கு ஒரு தடை எழுதல் கூடும். பலபொருளையும் சிறிது சிறிது தொட்டுச் செல்லின், ஒரு துறையின் சொற்கள் மீண்டும் மீண்டும் வந்து பதிதற்கு வாய்ப்பில்லாமற் போகாதோ? ஒரே பொருள் பற்றித் தொடர்ந்து படித்தலே நன்று எனக் கிராஷன் என்னும் மொழியறிஞர் கூறியதும் இதுபற்றியே. இத்தடையை யாம் புறக்கணிக்கவில்லை. நம் பாடநூல்களில் ஒரு பாடம் எறும்பு பற்றியும், அடுத்தது விண்வெளி பற்றியும், அதற்கடுத்தது ஒரு தலைவர் வரலாறு பற்றியும் அமைகின்றன, எதுவும் பதிவதில்லை. ஒரு பொருளில் நான்கைந்து கட்டுரைகளேனும் தொடர்ந்து படித்து, அதன் சொற்கள் பழகியபின் அடுத்த பொருளுக்குச் செல்லுதலே தக்கது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் முறையில், உணவு, உழவு, பருவமழை, திருவிழா, தொடர்வண்டி என்பன முன்னும், வங்கி, மருத்துவம், நீதிமன்றம், கட்டடக்கலை என்பன பின்னும் அமைதல் நன்று. இத்தகைய படிப்பு கதைநூல்களால் நிகழினும் பயன் பெரிது. ஃபிஜித் தீவுகளின் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆங்கிலக் கதைநூல்களை மிகுதியாக வழங்கி எல்லி, மங்குபாய் இருவரும் நடத்திய ஆய்வு 1983-இல் வெளிவந்தது. அந்நூல்களைப் படித்த சிறார், வழக்கமான பாடமுறையிற் பயின்றாரினும் பெரிதும் முன்னேறியமை அதனாற் புலனாயிற்று.

படிக்கும் முறை பற்றிச் சில சொல்லி அமைவோம். படிக்கத் தொடங்குமுன் அப்பொருள் பற்றித் தாம் அறிந்ததனைத் தமிழில் நினைவிற் கொணர்தல் வேண்டும். படித்து முடித்தபின் நூலை மூடிவிட்டு, கருத்தைத் தமிழிற் பிறர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் ஆகாது. 'ஆசிரியர் இதனை உடன்படுகின்றாரா, மறுக்கின்றாரா, ஐயுறுகின்றாரா?' என்னும் வினாவை ஒவ்வொரு பத்திக்கும் எழுப்புதல் இன்றியமையாதது. பத்தியிலிருந்து வரி பெயர்த்து இதற்கு விடை எழுதவியலாது. இவ்வகைப் பயிற்சிக்கு நாளிதழினும் சிறந்த கருவி இல்லை. வானிலைச் செய்தி, நிகழக்கூடும் என்பதனையும் நிகழும் என்பதனையும் வேறுபடுத்திக் காட்டும். குற்ற வழக்குச் செய்தியில் வரும் 'அலெஜெட்லி' என்னும் சொல், கூறப்படுவது பிறர் சாற்றிய குற்றமே, மெய்ப்பிக்கப்பட்டதன்று என அறிவிக்கும். மழை பெய்தது என்று சொல்லற்கில்லை என்னுமிடத்திலும், பந்து எழும்பவே இல்லை என்னும்படி தாழ்ந்தது என்னுமிடத்திலும் 'ஹார்ட்லி' வந்துகொண்டே இருக்கும். முன்னர்க் கூறிய மாணவர் அச்சொல்லை இவ்விடங்களிற் பத்துமுறை கண்டிருப்பின், பன்னிரண்டு பக்கம் எழுதியிரார். அவர் அதன்பின் நாள்தோறும் அரைமணி நேரம் ஆங்கில நாளிதழ் படிக்கலானார். முதலில் கிரிக்கெட் பக்கத்தை மட்டுமே படித்தார் என்பதனையும் மறையாது கூறுதல் வேண்டும்.

இம்முறையால் தீராத இடர் ஒன்று உண்டு. கால்டுவெல் ஐயர் காலத்து ஆங்கில வாக்கியம் கிளைவிட்டுக் கிளைவிட்டு அரைப்பக்கம் நீளும். அதன் முடிக்கும் சொல்லைத் தேடிக் காண்டல், நம் பழைய உரையாசிரியர்தம் நீண்ட தொடர்களைக் கொண்டுகூட்டிப் பொருள் காண்டலை ஒத்தது. அன்றாட எழுத்துகளில் அத்தகைய தொடர்கள் வருவதில்லை. அவற்றிற்குரிய தனிப்பயிற்சியைப் பிறிதொரு கட்டுரையில் ஆராயக் கருதியுள்ளோம்.