பள்ளிச் செயல்திறனும் புள்ளியியல் மாதிரிகளும்

முன்னுரை

தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கொண்டு ஒரு பள்ளியின் செயல்திறனை மதிப்பிட இயலாது. மாணவர் எந்நிலையில் வந்து சேர்ந்தனர், பள்ளிக்குக் கிடைத்த வளம் எவ்வளவு என்பனவும் கணக்கில் கொள்ளப்பெறல் வேண்டும். இதற்கெனப் பயன்படும் புள்ளியியல் மாதிரிகள் இயங்கும் முறையையும், மாதிரியின் தேர்வு பள்ளி பற்றிய தீர்ப்பை மாற்றும் வகையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லை முறைகள்

எட்டக்கூடிய உயர் விளைவை ‘எல்லை’ எனக் கொண்டு, அதிலிருந்து விலகிய தொலைவால் செயல்திறனை அளக்கும் முறையை ஃபாரல் 1957இல் முன்வைத்தார். சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகியோர் 1978இல் அதனைத் ‘தரவு உறைப் பகுப்பாய்வு’ என்னும் முறையாக வளர்த்தனர். ஆசிரியர் எண்ணிக்கை, செலவு, மாணவரின் முந்தைய மதிப்பெண் ஆகியன உள்ளீடுகள். இறுதித் தேர்வு முடிவுகள் வெளியீடு. சிறந்த பள்ளிகள் எல்லையில் அமைந்து 1 என்னும் மதிப்பைப் பெறும். 0.8 பெறும் பள்ளி, தன் உள்ளீடுகளால் எட்டக்கூடிய விளைவில் 80 விழுக்காட்டையே எட்டியுள்ளது எனப் பொருள்படும். இம்முறையில் தொலைவு முழுவதும் பள்ளியின் குறையாகவே எண்ணப்படும்.

1977இல் ஐக்னர், லவல், ஷ்மிட் ஆகியோர் முன்வைத்த வாய்ப்பியல் எல்லை மாதிரி அத்தொலைவைத் தற்செயல் ஏற்றத்தாழ்வு, திறனின்மை என இரண்டாகப் பகுக்கிறது. தேர்வுக் காலத்தில் நோய் பரவியதால் மதிப்பெண் சரிந்த பள்ளியை முதன்முறை கடிந்துரைக்கும். இம்மாதிரி அச்சரிவின் ஒரு பகுதியைத் தற்செயலுக்கு ஒதுக்கும். ஆயினும் அப்பகுப்பு, திறனின்மையின் பரவல் குறித்து ஆய்வாளர் கொள்ளும் எடுகோளைச் சார்ந்தது.

இங்கிலாந்தின் பட்டறிவு

இங்கிலாந்தில் 1992 முதல் இடைநிலைப் பள்ளிகளின் முடிவுகள் பட்டியலாக வெளியிடப்பட்டன. 2006இல் நடைமுறைக்கு வந்த ‘சூழல்சார் கூட்டு மதிப்பு’ முந்தைய மதிப்பெண்ணோடு வறுமை, இனம், பாலினம் முதலியவற்றையும் கணக்கிட்டது. பின்தங்கிய மாணவரிடம் குறைந்த எதிர்பார்ப்பை அது நிலைநிறுத்துகிறது என்று கூறி அரசு 2010இல் அதனைக் கைவிட முடிவு செய்தது. 2016இல் வந்த ‘முன்னேற்றம் 8’ முந்தைய மதிப்பெண்ணை மட்டுமே ஒப்பிடுகிறது. எனவே, கற்பித்தலில் மாற்றம் ஏதுமின்றியே வறிய பகுதிப் பள்ளியொன்றின் இடம் மாறக்கூடும். இத்தகைய தரவரிசைகளின் நிச்சயமின்மையைக் கோல்ட்ஸ்டைன், ஸ்பீகல்ஹால்டர் ஆகியோர் 1996இலேயே சுட்டிக்காட்டினர்.

முடிவுரை

மாதிரியால் விளக்கப்படாத எச்சத்திற்கே ‘செயல்திறன்’ எனப் பெயரிடப்படுகிறது. அவ்வெச்சத்தில் எவை அடங்கும் என்பதை மாறிகளின் தேர்வே முடிவு செய்கிறது. ஆகவே, ஒரு பள்ளிக்குரிய எண்ணை வெளியிடுவோர் அதன் பிழை எல்லையையும், கணக்கில் கொண்ட மாறிகளையும், விட்டவற்றையும் உடன் வெளியிடுதல் இன்றியமையாதது.