சிக்னல் இல்லாத மலையிலும் மாறும் ஆறு இலக்கம்

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகி கேட்டிருக்கிறார்: “வால்பாறைக்கு பஸ்ஸில் போனேன். பாதிக் கொண்டை ஊசி வளைவிலேயே சிக்னல் போய்விட்டது. ஆபீஸ் லாகினுக்கான ஆத்தென்டிகேட்டர் ஆப்பைத் திறந்தால், நெட்டே இல்லாமல் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் ஆறு இலக்க எண் மாறிக்கொண்டே இருக்கிறது. யார் அனுப்புகிறார்கள்?”

யாரும் அனுப்பவில்லை. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இந்த எண்ணையோ உங்கள் போனே கணக்குப் போட்டுக்கொள்கிறது. நீங்கள் அதைத் தட்டியதும் அலுவலக சர்வர் தன் பங்குக்குத் தனியாக அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. இரண்டு விடையும் ஒன்றானால் கதவு திறக்கும்.

மதுரையில் ஒரு வீடு, திருச்சியில் ஒரு வீடு. இரண்டிலும் ஒரே பஞ்சாங்கம். இன்றைக்கு ராகு காலம் எப்போது என்று யாரும் யாருக்கும் போன் போடுவதில்லை. பக்கத்தைப் புரட்டினால் இரு வீட்டிலும் ஒரே பதில்தான். அந்தப் பஞ்சாங்கத்துக்கு உலகத்திலேயே இரண்டு பிரதிதான் என்று வையுங்கள்: ஒன்று உங்கள் போனில், இன்னொன்று சர்வரில். அரை நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்றால் ஒரு வருடத்துக்கே பத்து லட்சம் பக்கத்துக்கு மேல் வேண்டும். ஆகவே அச்சடித்துக் கொடுப்பதில்லை, பஞ்சாங்கம் கணிப்பவரையே போனுக்குள் உட்கார வைத்துவிடுகிறார்கள். அவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு: ஒரு ரகசியம், ஒரு கடிகாரம். ரகசியத்தில் ஓர் எழுத்து மாறினாலும், வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சனிப்பெயர்ச்சி ஒத்துப்போகாததுபோல, விடை எங்கோ போய்விடும். கடிகாரம் பிசகினால் பஞ்சாங்கம் சரியாக இருந்தும் ராகு காலம் தப்பும். அதனால்தான் பல சர்வர்கள் முந்தைய அரை நிமிடத்தின் எண்ணையும் ஏற்றுக்கொள்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கணிப்புதான். 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகளை 30-ஆல் வகுத்தால் ஒரு வரிசை எண் கிடைக்கும்; இப்போது அது ஐந்தரைக் கோடியைத் தாண்டிவிட்டது. அதையும் ரகசியத்தையும் சேர்த்து எச்மேக் என்ற முறையில் கலக்கினால் 20 பைட் நீளத்தில் ஒரு குழம்பிய சரம் வரும். அதில் எந்த இடத்தில் வெட்டுவது? அதை அந்தச் சரமே சொல்கிறது! கடைசி பைட்டின் பின்பாதி 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண். அந்த எண்ணுள்ள இடத்திலிருந்து நான்கு பைட்டை எடுத்து, முதல் பிட்டை மட்டும் நீக்கிவிட வேண்டும். தரநிலை ஆவணத்தின் மாதிரிக் கணக்கில், வரிசை எண் 0-க்கு இப்படி வருவது 1284755224. பத்து லட்சத்தால் வகுத்த மீதி 755224. அதுதான் திரையில் தெரியும் எண். வரிசை எண் 1 ஆனதும் அது 287082 ஆகிவிடுகிறது. முதல் எண்ணைப் பார்த்து இரண்டாவதை ஊகிக்கவோ, இரண்டையும் வைத்து ரகசியத்தைத் தோண்டி எடுக்கவோ நடைமுறையில் வழி கிடையாது.

வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். கணினிக்குக் கடவுச்சொல் 1960-களின் தொடக்கத்தில் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவின் சிடிஎஸ்எஸ் அமைப்பில் வந்தது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், கூடுதல் கணினி நேரம் வேண்டி, எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்செடுத்துக்கொண்டார். கடவுச்சொல் மட்டும் போதாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. நேரத்தை வைத்துக் கணிக்கும் இன்றைய முறை 2011-இல் பொதுத் தரநிலையாக வெளியானது.

“உடைக்கவே முடியாத பாதுகாப்பு” என்று விற்பவர்களை நம்பாதீர்கள். அதே 2011-இல், இப்படி எண் காட்டும் சாவிக்கொத்துக் கருவிகளை விற்ற ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்குள்ளேயே புகுந்து அவற்றின் தகவல்களைத் திருடினார்கள். ஊழியர்களுக்கு வந்த ஒரு மின்னஞ்சலின் எக்செல் இணைப்புதான் வாசலாக இருந்தது. ரகசியத்தைத் திருடாமலும் ஏமாற்றலாம்: அலுவலகப் பக்கம் போலவே ஒரு போலிப் பக்கம், நீங்கள் தட்டும் எண்ணை அந்த முப்பது நொடிக்குள் உண்மையான பக்கத்தில் போட்டுவிடும். கணக்கு சரிதான், கொடுத்த இடம்தான் தவறு. பாஸ்கீ முறை இந்த ஓட்டையை அடைக்கிறது. எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்தப் பெயர் இல்லாத பக்கத்துக்கு அது பதிலே சொல்லாது. வாய்ப்புள்ள அலுவலகங்கள் அதற்கு மாறிவிட வேண்டும் என்பதே என் கருத்து.

வாசகிக்கு இன்னொன்று. வேலையில் சேர்ந்த அன்று ஐடி பிரிவில் ஒரு கட்டம்போட்ட சதுரத்தைக் காட்டி “ஸ்கேன் பண்ணுங்க” என்றிருப்பார்கள். அந்த கியூஆர் கோடுக்குள்தான் ரகசியம் அப்படியே இருக்கிறது. அதை வைத்திருப்பவர் உங்கள் எண்ணை எப்போதும் கணித்துக்கொள்ளலாம். பலர் “பிறகு உதவும்” என்று அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறார்கள். உங்கள் கேலரியில் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தால், ஐடி பிரிவில் சொல்லிப் புதுச் சதுரம் கேட்டு வாங்குங்கள்.